மக்தபுப் பிள்ளைகளும் மிஸ்வாக்கும்

காரைக்காலில் ஒரு தெருவில், சுபுஹு தொழுகைக்குப் பின் நடைபெறும் ஓதும் பள்ளியில் சில நாள்கள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ரைஹால் பலகைகளை விரித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு 'தால்' என்னும் எழுத்து சரியாக வரவில்லை. 'ஜே' என்னும் எழுத்தைப் போலவே ஒலித்தது. ஹஜ்ரத் பொறுமையாளர். மூன்று முறை திருத்தினார். நான்காம் முறை, "நாக்கு நுனியை மேல்பல் ஓரத்தில் வைம்மா" என்றார். பிள்ளை நாக்கை வைக்கவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

அருகில் அழைத்து வாயைத் திறக்கச் சொன்னபோது விஷயம் விளங்கிற்று. மேல்வரிசை முன்பல் ஒன்று ஓரத்தில் கரைந்து பழுப்பாக இருந்தது. நாக்குப் பட்டால் கூசுகிறது. உள்ளே கீழ்க் கடைவாயில் ஒரு பல் நடுவில் குழிந்து கறுத்திருந்தது. "வலிக்குதுன்னு உம்மாட்ட சொல்லலியா?" என்று கேட்டோம். "சொன்னா புடுங்கிருவாங்க அஜரத்து" என்று ஹஜ்ரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உம்மாவையும் நாம் குறை சொல்லப் போவதில்லை. விடியற்காலையில் எழுந்து, தொழுது, நாலு பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டு, ஒன்றை ஓதுவதற்கும் ஒன்றைப் பள்ளிக்கூடத்து வேனுக்கும் அனுப்பிவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் கணவரின் போன் அழைப்புக்கும் பதில் சொல்லும் அந்தப் பெண்மணிக்குப் பிள்ளையின் கடைவாயை எட்டிப் பார்க்க எங்கே நேரம்? ஆனால் ஒன்று சொல்வோம். குர்ஆன் ஓதும் நாவுக்குப் பல் துணை. தஜ்வீதுப் பாடத்தில் மக்ரஜ் படித்தவர்கள் இதை அறிவார்கள். 'ஸே', 'தால்', 'ழா' ஆகிய மூன்று எழுத்துகளும் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தில் படும்போது பிறப்பவை. 'ஃபா' என்பது அதே பற்களின் நுனி கீழ் உதட்டின் உட்புறத்தில் படும்போது பிறப்பது. முன்பல் கெட்டுப்போனால் நான்கு எழுத்துகள் கெடும். அதைத் தடி எடுத்துத் திருத்த முடியாது.

இங்கே ஹஜ்ரத்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்து பொக்கை வாயோடு வரும் பிள்ளைக்கும் இந்த எழுத்துகள் வராது. அது நோயல்ல, அல்லாஹ்வின் ஏற்பாடு. மேல் முன்பல் முளைத்து இறங்கும் வரை சில மாதங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பிள்ளையை மற்றவர் முன் எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைப்பது முறையல்ல.

அன்று ஹஜ்ரத் ஒரு கேள்வி கேட்டார். "இன்னைக்குக் காலையில யாரெல்லாம் பல் விளக்கினீங்க?" எல்லாக் கையும் உயர்ந்தது. சில கைகள் பாதி தூரத்தில் நின்றதைப் பார்த்தோம். "நேத்து ராத்திரி தூங்கப் போறப்ப?" இரண்டு கைகள். ஒன்று பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து உயர்ந்தது.

ஏழு வயது என்பதன் பொருத்தம்

பிள்ளைகளுக்கு ஏழு வயதானால் தொழுகையை ஏவும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது அபூதாவூத் போன்ற ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் இதை அறியாதவர் இல்லை. தொழுகையைக் கற்பிக்கும்போது ஒளுவைக் கற்பிக்கிறோம். ஒளுவைக் கற்பிக்கும்போது வாய் கொப்பளிப்பதைக் கற்பிக்கிறோம். அதற்கு முன் வரவேண்டிய மிஸ்வாக் மட்டும் பெரும்பாலும் நழுவிப்போகிறது. "அது பெரியவங்களுக்குள்ள ஸுன்னத்து" என்று ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்.

ஏழு வயதுக்குச் சற்று முன்பின்னாகப் பிள்ளையின் வாயில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பால் பற்கள் 20. ஆறு மாத அளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை, மூன்று வயதுக்குள் அவை நிறைந்துவிடும். ஆறு வயதில் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அதே சமயம், பால் கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே புதிதாக நான்கு பற்கள் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. இவைதாம் முதல் நிலையான கடைவாய்ப் பற்கள். எதுவும் விழாமல் வருவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். "விழுந்து முளைக்கும், விடு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது விழாது; விழுந்தால் மறுபடி முளைக்காது. நாம் மேலே சொன்ன சிறுமியின் கீழ்க் கடைவாயில் கறுத்திருந்தது இந்தப் பல்தான். முளைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இந்தப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உண்டு. முளைத்து வரும் சில மாதங்கள் மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால், முன்னால் தேய்க்கும் பிரஷ் இதன் மேல் படாமலேயே போய்விடும். பிஸ்கட்டின் மாவு அந்தப் பள்ளத்தில் குந்திக்கொள்ளும். ஆகவேதான் பல் மருத்துவர்கள் ஏழு, எட்டு வயது வரை பெற்றோரே பிள்ளைக்குப் பல் விளக்கிவிட வேண்டும் என்கிறார்கள். தன் சட்டைக்குத் தானே சரியாகப் பொத்தான் போடத் தெரியாத கை, கடைவாயின் உட்பக்கத்தைத் தேய்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பால் பல்தானே என்ற அலட்சியத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியது. பின்னால் வரும் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஐந்து வயதில் அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வரவேண்டிய பல் கோணலாக வரும். அதோடு பால் பல்லிலும் நரம்பு உண்டு, வலி உண்டு, சீழ் உண்டு. இரவெல்லாம் அழுத பிள்ளை காலையில் ஓதவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

இது காரைக்காலுக்கு மட்டுமுள்ள குறையென்று எவரும் எண்ண வேண்டாம். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்கும், 12 வயதில் 53.8 சதவீதம் பேருக்கும், 15 வயதில் 63.1 சதவீதம் பேருக்கும் சொத்தைப் பல் இருந்தது. இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கற்பிக்கும் வழி

பல் எப்படிச் சொத்தையாகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம் என்று நினைத்தோம். ஹஜ்ரத்தின் மகள் பள்ளிக்கூட ஆசிரியை. அவர் ஒரு வழி சொன்னார். ஒரு கண்ணாடிக் குவளையில் கடையில் விற்கும் வினிகரை ஊற்றி, அதில் ஒரு கோழி முட்டையை மூழ்கவிட்டு மறுநாள் வரை வைக்கச் சொன்னார். போட்டவுடன் முட்டையின் மேல் நுரை நுரையாகக் குமிழி வந்தது. பிள்ளைகள் ஓதுவதை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் எடுத்தபோது ஓட்டைக் காணோம். தோல்பை போல முட்டை மெத்தென்றிருந்தது. "ஓடு எங்க போச்சு?" என்று ஒரு பையன் குவளையின் அடியில் தேடினான். புளிப்பு தின்றுவிட்டது என்றார் ஆசிரியை.

நம் பல்லின் மேல்பூச்சு முட்டை ஓட்டைவிடப் பன்மடங்கு கெட்டியானது. ஆனால் அதுவும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதே. பல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் இனிப்பும் மாவும் அவற்றுக்கும் உணவு. அவை தின்று வெளியிடுவது அமிலம். இனிப்புப் பட்ட சில நிமிடங்களிலேயே இந்த அமிலம் பல்லின் சுண்ணாம்பைக் கரைக்கத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தை முறித்து, கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். இதற்கு ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அல்லாஹ் வாயில் வைத்திருக்கும் மராமத்து வேலை இது!

இதை விளங்கிக்கொண்டால், எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம் என்பது புரியும். கந்தூரிக் கடைத்தெருவில் வாங்கிய மிட்டாயை ஒரே மூச்சில் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கும் பிள்ளைக்கு அதிகக் கேடு இல்லை. அதே மிட்டாயைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் ஒரு கடி, அஸருக்கு ஒரு கடி, மக்ரிபுக்கு ஓதப் போகும்போது ஒரு கடி என்று வைத்திருக்கும் பிள்ளையின் வாயில் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. சபுராளி ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டியில் சாக்லேட் பை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. துபாயிலிருந்து வந்தாலும் பாரீஸிலிருந்து வந்தாலும் பை ஒன்றுதான். அதைப் பூட்டி வைத்துப் பிள்ளையை ஏங்க வைக்கச் சொல்லவில்லை. பகல் சோறு தின்றவுடன் கொடுங்கள், அத்தோடு முடித்துவிடுங்கள் என்கிறோம். படுக்கையில் பால் புட்டியில் சீனி கலந்து கொடுத்துத் தூங்க வைக்கும் வழக்கம் மட்டும் அறவே கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். சீனிப்பால் இரவு முழுவதும் முன்பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். இரண்டு வயதுக் குழந்தையின் மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பால் அருந்தியபின் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீர் வரவழைத்து வாய் கொப்பளித்து, அதில் கொழுப்பு இருக்கிறதென்று காரணமும் சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. சாதாரணப் பாலுக்கே இப்படி என்றால், ரோஸ்மில்க்குக்கும் சர்பத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

அபூமூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றையும் ஹஜ்ரத் சொன்னார். அவர்கள் ஒருமுறை நாயகத்திடம் வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் நாவின் மேல் மிஸ்வாக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குமட்டுபவர் போல ஒரு சப்தம் வந்தது என்று அந்த அறிவிப்பில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! தாங்கள் காலையில் குழாயடியில் போடும் சப்தத்துக்கு உம்மாவிடம் ஏச்சு வாங்குபவர்கள் அல்லவா? நாக்கையும் தேய்க்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகு யாருக்கும் இரண்டாம் முறை சொல்லவேண்டி வரவில்லை.

குச்சியா, பிரஷ்ஷா?

மிஸ்வாக் என்று நாம் சொல்லும் குச்சி அராக் மரத்தின் வேர் அல்லது கிளை. இம்மரத்துக்குத் தமிழில் உகாய் என்று பெயர். உவர் நிலத்தில் வளரக்கூடிய மரமாதலால் நம் கடற்கரைப் பக்கங்களிலும் உண்டு. ஆனால் நம் வீடுகளுக்கு ஹாஜிமார்கள் ஜம்ஜம் தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் கொண்டுவரும் குச்சிதான் தெரியும். அது அலமாரியில் உறைக்குள்ளேயே காய்ந்துபோவதையும் நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் நம் பாட்டன்மார் பல்லைக் காத்தவை. அராக்கில் இயற்கையாகவே கிருமியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதும், முறையாகப் பயன்படுத்தினால் பல்லின் படலத்தை நன்கு நீக்குவதும் பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. இந்த வழக்கமுள்ள நாடுகளில் இதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 1980-களில் கருத்துத் தெரிவித்தது.

அப்படியானால் பிரஷ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரஷ் ஸுன்னத்தில் சேருமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்வோம். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில், பல்லின் அழுக்கை நீக்கும் சொரசொரப்பான, சுத்தமான எந்தப் பொருளாலும் மிஸ்வாக்கின் ஸுன்னத் கிடைத்துவிடும் என்றே காணப்படுகிறது. அராக் குச்சி அவற்றுள் மேலானது. ஆகவே பிரஷ் புறம்பானதல்ல. அதே நூல்களில், தன் விரலால் தேய்ப்பது சரியான சொல்லின்படி மிஸ்வாக் ஆகாது என்றும் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபிலோ குச்சி கிடைக்காதபோது விரல் அதன் இடத்தில் நிற்கும். உள்ளங்கையில் பல்பொடியைக் கொட்டி ஆள்காட்டி விரலால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு ஷாஃபிஈ சட்டத்தில் இடம் குறைவு என்பதைக் கவனியுங்கள். பல் மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. விரல் பல்லிடுக்கில் போகாது.

முந்தைய தலைமுறைப் பெரியவர்கள் சிலர் பிரஷ்ஷை வீட்டுக்குள் விடாததற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் பிரஷ்ஷின் மயிர் பன்றியின் முடியால் ஆனது. 1938-ல் அமெரிக்காவில் நைலான் இழை வைத்த பிரஷ் வந்தபிறகு நிலைமை மாறிற்று. இன்று கடைகளில் சாதாரணமாக விற்பது நைலானே. பற்பசையில் சேரும் பொருள்களைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். சந்தேகத்தைச் சாக்காக வைத்துப் பல் விளக்காமல் இருப்பதுதான் சரியல்ல.

இனி முதற்கேள்வி. குச்சியைப் பெரியவர்கள் முன்பல்லில் நன்றாகத் தேய்க்கிறார்கள். கடைவாயின் உட்பக்கத்துக்கு அது எளிதில் போவதில்லை. பிள்ளைகளின் சிறு வாயில் இன்னும் கடினம். வலுவாகக் குறுக்கே இழுத்தால் ஈறு தேய்ந்து இறங்கிவிடும். ஓடி விளையாடும் சிறு பிள்ளை வாயில் குச்சியோடு விழுந்தால் தொண்டையில் குத்தும். ஆகவே நாம் சொல்வது இது: பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை மிருதுவான சிறு பிரஷ், சற்று வளர்ந்தபின் தொழுகை நேரங்களில் குச்சி. இரண்டும் சண்டை போட வேண்டியவை அல்ல. செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பளிச்சென்று ஆக்குவது போலத் தோன்றி, பல்லின் மேல்பூச்சையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடிகளை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. வீட்டில் பழைய பழக்கத்தில் புகையிலையைச் சுட்டுப் பொடித்து வைத்திருப்பவர்கள் இருந்தால் பிள்ளை கண்ணில் படாமல் அதைக் குப்பையில் போடுங்கள்.

பற்பசை ஃபுளோரைடு சேர்ந்ததாக இருக்கட்டும். அது பல்லின் மேல்பூச்சை உறுதியாக்கும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை. பிள்ளை அதை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். துப்பியபின் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பலமுறை கொப்பளித்தால் பசையின் பலன் கழுவிப்போகும். ஃபுளோரைடு அளவுக்கு மீறினால் பல்லில் கறை விழும் என்பதும் உண்மையே. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் அது மிகுந்திருந்து மக்கள் பட்ட துன்பம் பிரசித்தம். அது தண்ணீரால் வந்த கேடு. பட்டாணி அளவு பசையைத் துப்பும் பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இஷாத் தொழுதபின் பிள்ளை ஒன்றும் தின்னாமல் இருக்குமென்றால், இஷாவின் ஒளுவுக்கு முன்பே பிரஷ் செய்துவிடலாம். இரண்டு வேலை ஒன்றாகும். ஆனால் காரைக்காலில் இஷாவுக்குப் பின் பரோட்டா தின்னாத வீடு எத்தனை என்பதும் நமக்குத் தெரியும். அப்படியானால் தின்றபின் செய்யட்டும்.

நோன்புக் காலம்

ரமலானில் ஒரு குழப்பம் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பாளி லுஹருக்குச் சூரியன் சாய்ந்தபின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஃ' நூலில் அது மக்ரூஹ் இல்லை என்ற கருத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். ஹனஃபிகளிடம் எந்நேரமும் கூடும். இந்தக் கருத்து வேற்றுமை நண்பகலுக்குப் பிந்திய நேரத்தைப் பற்றியதே. நம் வீடுகளில் இது எப்படியோ வளர்ந்து, நோன்பு மாதம் முழுவதும் பல்லே விளக்கக்கூடாது என்று ஆகிவிட்டிருக்கிறது! முதல் நோன்பு பிடிக்கும் எட்டு வயதுப் பிள்ளை, ஸஹருக்குச் சோறும் வாழைப்பழமும் சீனியும் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுகிறது. முப்பது நாள்! ஸஹர் முடித்து ஸுபுஹு பாங்குக்கு முன் ஒரு முறை பசை போட்டு விளக்கிவிடுங்கள். தராவீஹ் முடிந்து வந்து ஒரு முறை. பகலில் பசை போட்டால் தொண்டைக்குள் போகாதவரை நோன்பு முறியாது என்றாலும், ருசி வலுவானது என்பதால் தவிர்ப்பதே நல்லது. நண்பகலுக்கு முன் வெறும் குச்சியால் விளக்க இரு மத்ஹபிலும் தடையில்லை.

பள்ளிக்கூடமும் மக்தபும்

பள்ளியிலேயே பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் வழக்கம் புதிதல்ல. நியூசிலாந்தில் 1921-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். அதே முறையைக் கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950-களில் இலங்கை பெற்றுக்கொண்டு, மகரகமவில் பயிற்சிப் பள்ளி அமைத்தது. அந்நாட்டுப் பள்ளிகளில் பல் சிகிச்சை நிலையங்கள் உண்டு. பிள்ளை வகுப்பிலிருந்து எழுந்து போய் பல்லைக் காட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடும். பிலிப்பைன்ஸில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வரிசையாக நின்று கைகழுவிப் பல் விளக்கும் திட்டம் இந்த நூற்றாண்டில் பரவியிருக்கிறது. அங்கே பல் மருத்துவர் தினமும் வருவதில்லை. ஆசிரியரே நின்று பார்த்துக்கொள்கிறார். வரிசையாக நின்று கைகழுவும் ஹவுளும் குழாயும் நம் பள்ளிவாசல்களில் என்றைக்கோ கட்டப்பட்டுவிட்டன என்பது நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் பார்க்கவேண்டியவற்றில் பல் நோயும் ஒன்று. தனியார் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. நம் பிள்ளைகளில் கணிசமானோர் அங்கேதான் படிக்கிறார்கள். கட்டணம் கட்டுகிறோம், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளையைப் பல் மருத்துவரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு. வலி வந்தபின் போனால் பிடுங்குவது ஒன்றுதான் மிச்சமிருக்கும். அதைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை வலியை மறைக்கும். நாம் கண்ட சிறுமியைப் போல.

மக்தபுப் பிள்ளைகள் ஓதி முடித்து ஓடும்போது படியில் விழுந்து பல் உடைவதும் நடக்கிறது. நிலையான பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டால் அதைத் தூக்கிக் கூரைமேல் எறியாதீர்கள். வேர்ப் பக்கம் கைபடாமல், மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்து, ஒரு குவளைப் பாலில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் போனால் அதே பல்லை அதே குழியில் வைத்து ஒட்டவைக்க வாய்ப்புண்டு. பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்க மாட்டார்கள்.

நாம் சொன்ன ஓதும் பள்ளியில் இப்போது ஒரு சிறு ஏற்பாடு நடக்கிறது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் பிள்ளைகள் உட்கார்ந்ததும் ஹஜ்ரத் ஒரு வரிசையை மட்டும் "ஈ" காட்டச் சொல்கிறார். ஏச்சும் இல்லை, அடியும் இல்லை. பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். பெண் பிள்ளைகளை ஆலிமா பார்க்கிறார். அந்தச் சிறுமிக்கு முன்பல்லை மருத்துவர் அடைத்துவிட்டார். கடைவாய்ப் பல்லுக்கு நரம்பு வரை வேலை செய்ய வேண்டியிருந்தது, நான்கு முறை போய்வந்தாள். பல் பிழைத்தது. 'தால்' இப்போது வருகிறது. 'ழா' இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்கிறார் ஹஜ்ரத்; அது பல்லின் குற்றமல்லவாம்.

ஒரு விஷயம் அங்கே சிக்கலாக இருந்தது. பிரஷ்ஷின் இழை விரிந்து வளைந்துவிட்டால் பயன் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பல வீடுகளில் பிரஷ் எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரே பிரஷ்ஷை அண்ணனும் தம்பியும் பயன்படுத்தும் வீடும் இருந்தது. ஹஜ்ரத் பிறைக் கணக்கில் ஒரு வழி செய்தார். முஹர்ரம், ரபீயுல் ஆகிர், ரஜப், ஷவ்வால் ஆகிய நான்கு மாதங்களின் முதற்பிறையில் பழைய பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் புதியது எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பிரஷ்ஷின் காம்பில் மையால் எழுத வேண்டும். முதல் மூன்று தவணைக்கும் ஜமாஅத்தில் ஒருவர் பொறுப்பேற்றார். ஷவ்வால் தவணையை மட்டும் பெற்றோர் வாங்க வேண்டும். பெருநாள் உடுப்பு எடுக்கும்போதே, அந்தப் பையிலேயே, தலைக்கு ஒன்று.